ஏலக்காய்க்கு அடியில்

நான் சொல்வதற்கு முன்னாலேயே அப்பா வாயைத் திறந்துவிட்டார். நிலைப்படிக்கு வெளியே ஒரு கால், உள்ளே ஒரு கால், பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி நாக்கு வெளியே, கடைவாயில் வெற்றிலைச் சிவப்பு, ஒரு பல் இடுக்கில் கறி நார். அம்மா எனக்குப் பின்னால் அடுப்படி வாசலில் கரண்டியோடு நிற்கிறாள். "மோந்து பாத்துச் சொல்லுடா" என்கிறாள். அவ்வளவுதான் என் வேலை. மூக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகணும், மூச்சை இழுக்கணும், திரும்பி அம்மாவைப் பார்த்து இருக்கு, இல்ல, ரெண்டில் ஒன்றைச் சொல்லணும். இருக்குன்னா பீரோ மேல் கட்டிவைத்திருக்கிற நீலப் பை கீழே இறங்கும், அம்மா தங்கச்சிப் பாப்பாவை இழுத்துக்கொண்டு வத்தலக்குண்டு மாமா வீட்டுக்குப் போய்விடுவாள், திரும்பி வரமாட்டாள், சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறாள். இல்லைன்னா எல்லாருக்கும் சோறு. இழுக்கிறேன். காற்று வருகிறது. வெதுவெதுப்பாக இருக்கிறது, கொஞ்சம் ஈரம். அது தெரிகிறது. வேறு ஒன்றும் தெரியவில்லை. ஆடி மாசத்திலிருந்து எனக்கு ஒரு மயிரும் மணக்காது. இது இவர்கள் ரெண்டு பேருக்கும் தெரியாது.

இதே நிலைக்கால்தான். இப்போது என் தோள் உரசுதே, பச்சைப் பெயிண்ட் உரிந்த மரம், இதில்தான் என் மண்டை மோதியது. அன்றைக்கு அப்பா குட்டியானை லோடு வண்டியின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு வண்டி எடுக்கக்கூடாதுன்னு அம்மா சாவியை அரிசிப் பானைக்குள் போட்டிருந்தாள். அவர் அவள் கொண்டையைப் பிடிக்கப் போனார், நான் நடுவில் போனேன், தள்ளினார். அடிக்கணும்னு தள்ளவில்லை. வழியில் கிடக்கிற ஸ்டூலைக் காலால் ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கினார். அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. என்னை அடிக்கணும்னு அடித்திருந்தால் அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். பின்மண்டை மோதின சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை, அம்மாவுக்குத்தான் கேட்டதாம், தேங்காய் உடைக்கிற மாதிரி இருந்துச்சுன்னு பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்தது, ரத்தமில்லை. மறுநாள் காலையில் பல் தேய்க்கிறேன், வாயெல்லாம் ஜில்லுன்னு இருக்கிறது, ஆனால் பேஸ்ட்டைக் காணோம். காபி வெறும் சூடு, வெறும் கசப்பு. சளின்னு நினைத்தேன். அன்றைக்கெல்லாம் அப்பா என் புடைப்பைத் தொட்டுத் தொட்டு அழுதார். அந்த வெள்ளிக்கிழமை கருப்பசாமி கோயிலில் பூசாரி முன்னால் நின்று, இனி பாட்டிலைத் தொட்டா என் குடும்பம் என்னோட இல்லைன்னு சொல்லி, தள்ளின அதே வலது கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். அன்று சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு வந்து இதே இடத்தில் நின்று இதே மாதிரி வாயைத் திறந்தார், ரேங்க் கார்டில் கையெழுத்துக் கேட்கிற பிள்ளை மாதிரி ஒரு மூஞ்சி. அம்மா, பரணி, மோந்து பாருடான்னு சொன்னாள். நான் மோந்தேன். சுவரை மோந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது சளி இல்லை. ரெண்டு பேரும் என் மூஞ்சியையே பார்க்கிறார்கள். இல்லம்மான்னு சொன்னேன். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வது, உங்கள் கயிற்றைக் காவல் காக்கிற நாய்க்கு மூக்கு போயிடுச்சுன்னு.

"என்னடா, கெணத்துல வாளி விழுந்த மாதிரி எட்டிப் பாத்துக்கிட்டே நிக்கிற?" அப்பா வாயை மூடிக் கேட்டுவிட்டு மறுபடியும் திறக்கிறார். "ஈ போயிரும்டா. சீக்கிரம் பாரு." அம்மா சிரிக்கவில்லை. அம்மா இந்த நேரத்தில் சிரிக்கவே மாட்டாள். இன்றைக்கு அவர் போனது பழைய முதலாளி வீட்டுக் கெடா வெட்டுக்கு, வண்டியில் பந்தல் சாமான் ஏற்றிக்கொண்டு. கெடா வெட்டில் இலைக்குத் தண்ணி வைக்கிறார்களோ இல்லையோ மற்ற தண்ணி வைப்பார்கள். அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போகும்போதே, போயிட்டு வாங்க, பரணி வீட்லதான் இருப்பான்னு சொல்லித்தான் அனுப்பினாள். நான் இருப்பேன். நான் எங்கே போகப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போகலாம்னு எழுந்தால்கூட, உங்கப்பா வர்ற நேரம்டான்னு உட்கார வைத்துவிடுவாள்.

ஏழு வயதில் ஆரம்பித்த வேலை இது. அப்போதெல்லாம் அம்மாதான் பக்கத்தில் போய் மோந்து பார்ப்பாள், கேட்பாள், கேட்டால் அறை விழும். ஒரு நாள் அவள் உதடு கிழிந்திருந்தது, அதோடு என்னிடம் குனிந்து, அப்பாகிட்ட முத்தம் வாங்கிட்டு வாடா தங்கம்னு சொன்னாள். நான் ஓடினேன். அப்பா தூக்கினார், முத்தம் கொடுத்தார், மீசை குத்தியது. திரும்பி வந்ததும் அம்மா காதோடு காதாக, அப்பா வாயி எப்படி மணந்துச்சுன்னு கேட்டாள். அழுகின வாழைப்பழம் மாதிரின்னு சொன்னேன். ராத்திரி அவர் தூங்கின பிறகு அவள் அவர் சட்டைப் பையைத் துழாவி மிச்சக் காசை எடுத்து ஒளித்தாள். அதற்கப்புறம் தினமும் முத்தம். எனக்கு அப்பா பாசத்தில் தூக்கினாரா, அம்மா அனுப்பினதால் நான் போய் நின்றேனா, எல்லாம் குழம்பிப் போச்சு. மற்ற பையன்களுக்கு அப்பா முத்தம் கொடுத்தால் முத்தம். எனக்கு அது பரீட்சை. பிறகு அவரும் கண்டுபிடித்துவிட்டார். ஏலக்காய் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து ஏலக்காய். ரெண்டடி தள்ளி நின்றால் பாயசம் மாதிரி மணக்கும், அம்மாவை அதில்தான் ஏமாற்றினார். மூக்கு வாய்க்குள்ளேயே போகிற மாதிரி நின்று, ஏலக்காய் வாசம் வந்து முடிகிறவரைக்கும் மூச்சை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால், அதற்கு அடியில் அது படுத்திருக்கும். சாக்குக்கு அடியில் எலி மாதிரி. அதை என்னால் பிடிக்க முடியும். பிராந்தியா, ரம்மா, பீரா, மத்தியானம் குடித்ததா, இப்போதுதானா, எல்லாம் சொல்வேன். நாய் மூக்கு என் மவனுக்குன்னு அம்மா மாமாவிடம் போனில் பெருமை பேசுவாள். ஸ்கூலில் எனக்கு ஒன்றுமே வராது. கணக்கு வராது, இங்கிலீஷ் வராது, ப்ளஸ் ஒன் பாதியில் போதும்டா சாமின்னு வெளியே வந்துவிட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினேன். அதையும் அப்பாவே எடுத்துக்கொண்டார்.

இன்னொரு தடவை இழுக்கிறேன், ஏதாவது வந்துவிடாதா. வராது. ஆனாலும் இழுக்கிற பழக்கம் போகவில்லை. எதைப் பார்த்தாலும் இழுக்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் தோல் பதனிடுகிற தோல் ஷாப் சாக்கடை இருக்கிறது, அதைத் தாண்டும்போது ஊரே கர்ச்சீப்பை எடுக்கும், நான் மட்டும் நல்லா மூச்சை இழுத்துக்கொண்டு நடப்பேன், கொஞ்சமாவது குமட்டாதா, குமட்டினால் சந்தோஷத்தில் அங்கேயே விழுந்து கும்பிடுவேன். பெரியாஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். மூக்கு டாக்டரம்மா பின்மண்டையைத் தொட்டுப் பார்த்து, எப்படித் தம்பி அடிபட்டுச்சுன்னு கேட்டார், வழுக்கி விழுந்துட்டேன் மேடம்னு சொன்னேன், அவர் நம்பவில்லை. மண்டை மோதினால் மூக்கு நரம்பு அறுந்துபோகலாம், வந்தாலும் வரும், வராமலும் போகும், தினமும் எலுமிச்சை, கிராம்பு, காபித்தூள், சூடம் நாலையும் மோந்து பழகு, அடுத்த தடவை வீட்டிலிருந்து பெரியவங்களைக் கூட்டிட்டு வான்னு சொன்னார். பெரியவங்க. நல்ல ஜோக். பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் மோந்து பார்க்கிறேன். எலுமிச்சை ஈரம். கிராம்பு குத்துகிறது. காபித்தூள் தூசி. சூடம் ஜில்லுன்னு ஒரு காற்று. நாலும் நாலு விதமாகத் தொடுகிறது, நாலும் ஊமை. ஊமையிடம் எவ்வளவு நேரம் உன் பேர் என்னன்னு கேட்பது.

சாப்பாட்டைச் சொல்லவே வேண்டாம். உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு, கசப்பு, அவ்வளவுதான் நாக்கு. மற்றதெல்லாம் மூக்குதான்னு எனக்கு யாரும் ஸ்கூலில் சொல்லவில்லை. கறிக்குழம்பும் சாம்பாரும் எனக்கு ஒன்றுதான், ஒன்றில் மெல்ல வேண்டும். பசிக்கிறது, தட்டு முன்னால் உட்காருகிறேன், நாலு வாய்க்கு மேல் துணியைத் தின்கிற மாதிரி இருக்கிறது, பெல்ட்டில் ரெண்டு புது ஓட்டை போட்டாச்சு. காதல் தோல்வியாடான்னு அப்பா கேட்டார். ஒரு நாள் திரிந்த பாலை முழு டம்ளர் குடித்துவிட்டேன், பாப்பா வந்து, ச்சீ அண்ணே என்ன நாத்தம்னு சொன்ன பிறகுதான் தெரியும். இன்னொரு நாள் கேஸ் அடுப்பைத் திருகிவிட்டுப் பற்ற வைக்க மறந்து அடுப்படியிலேயே உட்கார்ந்து போன் பார்த்திருக்கிறேன், அம்மா குளித்துவிட்டு வந்து கத்தின கத்தில் தெருவே கூடியது, கொல்லப் பாத்தியாடான்னு முதுகில் நாலு போட்டாள். நான் வேலை பார்க்கிற மொபைல் சர்வீஸ் கடையில் போர்டு கருகுது, புகை வந்த பிறகுதான் பார்க்கிறேன், மூக்கை எங்கடா அடகு வச்சேன்னு ஓனர் அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் இதெல்லாம் பெரிசில்லை. என் மேலே என்ன நாற்றம் வருதுன்னு எனக்குத் தெரியவில்லை. அதுதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்து போனால் என்னாலா, இறங்குகிற இடமா? கடையில் மெமரி கார்டு வாங்க வந்த பெண் துப்பட்டாவை மூக்கில் வைத்தாள், தும்மலா, நானா? ஒரு நாளைக்கு மூணு தடவை சட்டை மாற்றுகிறேன், அக்குளில் கையை வைத்து அந்தக் கையை மூக்கில் வைக்கிறேன், ஒன்றுமில்லை, எப்போதும் ஒன்றுமில்லை, பிணத்துக்கும் இப்படித்தான் இருக்கும், அழுகுவது ஊருக்கே தெரியும், அதற்குத் தெரியாது. ஐப்பசி மழை பெய்கிறது, எல்லாரும் மண் வாசத்துக்கு மூக்கைத் தூக்குகிறார்கள், எனக்குத் தண்ணி விழுகிறது. உலகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. தெரிகிறது, கேட்கிறது, உள்ளே வரமாட்டேன் என்கிறது.

"ஏண்டா, தூங்கிட்டியா? இருக்கா இல்லையா?" அம்மா ஒரு அடி முன்னால் வருகிறாள், ஒரு அடிதான். இதற்கு மேல் அவள் வரமாட்டாள். அன்றைக்கு என் மண்டை மோதினதிலிருந்து அவர் மூச்சுப் படுகிற தூரத்துக்கு வரமாட்டேன்னு வைராக்கியம். நான் மோந்தா சந்தேகம்பாரு, புள்ள மோந்தா சத்தியம்னு ஒரு சட்டம் வேறு. சரி, பார்க்கலாம். மூக்கில்லாதவன் பார்க்கிற மாதிரி பார்க்கலாம். இத்தனை நாளும் அப்படித்தானே. கண் சிவந்திருந்தால் இருக்கு, ஆனால் வெயிலில் வண்டி ஓட்டினாலும் சிவக்கும். சாவியை ஆணியில் முதல் தடவையிலேயே மாட்டிவிட்டால் இல்லை. அம்மாவை வளர்மதின்னு முழுப்பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்டிப்பாக இருக்கு, சாதாரணமாக ஏய் தான். இன்றைக்கு இன்னும் ஒன்றும் கூப்பிடவில்லை, சாவி கையிலேயே இருக்கிறது, கண் சிவப்பு. கயிறு கட்டினதிலிருந்து ஒரு நாள்கூட நான் இருக்குன்னு சொன்னதில்லை. அவரும் ஒழுங்காகத்தான் இருந்தார்னு நினைக்கிறேன். ஒழுங்காக மட்டுமா? புரட்டாசியில் ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு வந்தார், வாயைத் திறந்தார், வழக்கம்போல் இல்லம்மான்னு சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். கண்ணில் தண்ணி நிற்கிறது. மறுநாள் கடைக்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய் பரோட்டா, சுக்கா, ஆம்லெட் எல்லாம் வாங்கி, தன் இலையிலிருந்தும் எடுத்து வைத்து, நீ என் மவன்டா பரணி, நீ மட்டும் இல்லைன்னா நான் செத்தேன்டான்னு சொன்னார். அதற்கப்புறம் ஒரு தடவை கொடைக்கானல் லோடுக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு போனார், மலை ஏறும்போது ஸ்டியரிங்கைக் கொஞ்ச நேரம் கொடுத்தார். தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார். பதினேழு வருஷத்தில் எனக்கு ஒரு அப்பா கிடைத்த மாதிரி இருந்தது. கயிறு வேலை செய்யுதுன்னு நினைத்தேன். என் மூக்கு போனது ஒரு நல்லதுக்குத்தான் போலன்னுகூட, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நாள் நினைத்தேன்.

தெருவில் வெங்காய வண்டி வருகிறது. பெரிய வெங்காயம், பெரிய வெங்காயம்னு ஸ்பீக்கர் காது கிழிகிற மாதிரி கத்துகிறது. அந்தச் சத்தத்துக்குள் அப்பா என் தோளைப் பிடித்து ரெண்டு தடவை அமுக்குகிறார். நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்கிறார். "அன்னைக்கு மாதிரியே சொல்லிருடா தங்கம்."

அன்னைக்கு மாதிரி. எந்த அன்னைக்கு? மழையில் வந்த அன்னைக்கு. கண்ணில் தண்ணி நின்ற அன்னைக்கு. அன்றைக்குக் குடித்திருக்கிறார். மூக்கை வாய்க்குள் வைத்து இழுத்துவிட்டு நான் இல்லம்மான்னு சொன்னதும், பையன் தெரிந்தே நம்மைக் காப்பாற்றிவிட்டான்னு நினைத்திருக்கிறார். அதற்குத்தான் பரோட்டா. அதற்குத்தான் சுக்கா, ஸ்டியரிங், தோளில் கை. பாசம் இல்லை அது, நன்றி. அதுவும் நான் பண்ணாத உதவிக்கு நன்றி. கயிறு கட்டினவர் எத்தனை தடவை குடித்தாரோ, ஒவ்வொரு தடவையும் நான் சிரித்துக்கொண்டே இல்லம்மா இல்லம்மான்னு சொல்லியிருக்கிறேன், அவரும் மனசுக்குள் என் மவன் என் மவன்னு சொல்லியிருக்கிறார். எவ்வளவு நல்ல குடும்பம். மலை ஏறும்போது ஸ்டியரிங்கைக் கொடுத்தாரே, அப்போதும் உள்ளே இருந்திருக்குமோ, ஏலக்காய் மென்றுகொண்டுதான் இருந்தார், நான் அந்தக் கேபினில் மூணு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வந்தேன். தோள் மேல் அந்தக் கை இன்னும் இருக்கிறது. மஞ்சள் கயிறு அழுக்கேறிக் கறுத்துப் போய் என் கழுத்தில் உரசுகிறது. நாற்றம் அடிக்கும். கண்டிப்பாக நாற்றம் அடிக்கும்.

இருக்குன்னு சொல்லிவிடலாம். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகத் தெரியும், மூக்கால் இல்லை, காதால். சொன்னால் நீலப் பை இறங்கும். இல்லைன்னும் சொல்லலாம், நாளைக்கு இன்னொரு சுக்கா. ரெண்டுமே எனக்கு வேண்டாம். அவர் மூஞ்சி எனக்கு வேண்டும், அந்த நன்றி வழிகிற மூஞ்சி, அதை உடைக்கணும், என் மண்டை மோதின மாதிரி சத்தம் வரணும். திரும்பி அம்மாவைப் பார்த்துச் சொல்கிறேன். "தெரியலம்மா."

"என்னடா தெரியல?"

"எனக்கு வாசமே தெரியாது. ஆடியிலருந்து. இவரு தள்ளிவிட்டாருல்ல, மறுநாளிலருந்து ஒண்ணும் மணக்காது. பெரியாஸ்பத்திரில கேட்டாச்சு. நரம்பு போச்சாம்." பிறகு அப்பா பக்கம் திரும்புகிறேன். "பரோட்டா வாங்கிக் குடுத்தீங்கள்ல? அதுவும் மணக்கலப்பா."

தோளிலிருந்து கை விழுகிறது. வாய் இன்னும் திறந்துதான் இருக்கிறது, மூட மறந்துவிட்டார். முதலில் ஒன்றும் புரியாமல் பார்க்கிறார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது, யாரும் அவரைக் காப்பாற்றவில்லை, யாருக்கும் அவர் மேல் இரக்கம் வரவில்லை, ஒரு செத்த மூக்குக்கு முன்னால் இத்தனை நாள் அவர் கண் கலங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நன்றாக இருக்கிறது. ஒரு நிமிஷம் ரொம்ப நன்றாக இருக்கிறது. அம்மா ஓடிவந்து மண்டையைத் தடவுவாள், என் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு அழுவாள்னு பின்கழுத்து தானாகக் குனிகிறது, வெட்கம் கெட்ட கழுத்து. அம்மா வரவில்லை. சார்ஜ் போன டார்ச்சைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாள்.

"அப்ப இத்தனை நாளு நீ சொன்னது?"

"சும்மா சொன்னேன்."

"சும்மா." அவள் அந்த வார்த்தையை மென்று பார்க்கிறாள். "நான் தெனமும் நிம்மதியாத் தூங்குனேன்டா. சும்மாவா?"

"அம்மா, அவரு இப்ப என்கிட்ட..." என்று ஆரம்பிக்கிறேன். அவர் குடித்திருக்கிறார், இப்போதுதான் என் காதில் சொன்னார்னு சொல்ல வந்தேன். அவள் கரண்டியை என் மூஞ்சிக்கு நேராக நீட்டுகிறாள். கரண்டியில் மசாலா வழிகிறது. "வாயைத் திறக்காத. மூக்கு இல்லாதவன் சாட்சி எனக்கு வேணாம். ஆடியிலருந்து பொய் சொன்ன வாயி அது. போ. பாப்பாவைக் கூட்டிட்டு வா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கிவிட்டது. "ஏய், அது சின்னப் புள்ளடி" என்கிறார்.

"இவனும் அந்த வயசுலதான் மோந்தான்" என்கிறாள் அம்மா. "பரணி, நிக்காத. தங்கச்சியக் கூட்டிட்டு வா. அப்பா முத்தம் குடுக்குறாருன்னு சொல்லு."

அப்பாவைப் பார்க்கிறேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்வார், ஆமா குடிச்சிட்டேன், புள்ளையை விடுன்னு சொல்வார், சொல்லித் தொலைங்க அப்பா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை. அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பைக்குள் ரெண்டு விரலை விட்டுத் துழாவுகிறார். ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் போடுகிறார். தோல் உடைகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. இன்னொன்றையும் எடுத்துப் போடுகிறார்.

நான் வெளியே வருகிறேன். வெயில். பாப்பா தெருவில் கரிக்கோட்டில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறாள், தர்ஷினின்னு பேர் வைத்தோம், யாரும் கூப்பிடுவதில்லை, பாப்பாதான். ஒற்றைக் காலில் நிற்கிறாள், மற்றக் காலைக் கையால் பிடித்திருக்கிறாள், ரெட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்து தொங்குகிறது. இவள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் உச்சந்தலையை மோந்து பார்த்திருக்கிறேன், எப்படி மணந்தாள்னு இப்போது நினைத்துப் பார்க்கிறேன், பேர் வருகிறது, பால், பவுடர், வசம்புன்னு பேர் பேராக வருகிறது, வாசம் வரவில்லை. அதுவும் போயிடுச்சு, உள்ளே வைத்திருந்ததும். அவள் என்னைப் பார்த்ததும் ஆட்டத்தை நிறுத்துகிறாள். மூக்கைச் சுருக்குகிறாள். வீட்டைப் பார்த்து ரெண்டு தடவை உறிஞ்சுகிறாள், குட்டி நாய் மாதிரி.

"அண்ணே, கறி அடிப்பிடிக்குது."

எனக்கு எப்படித் தெரியும். அடுப்படிக்கு நாலடியில் நிற்கிற அம்மாவுக்கே உறைக்கவில்லை. தெருவில் நிற்கிற இவளுக்கு உறைக்கிறது. நல்ல மூக்கு. ரொம்ப நல்ல மூக்கு. ஏலக்காய்க்கு அடியில் படுத்திருப்பதை இவள் முதல் மூச்சிலேயே பிடித்துவிடுவாள். பிடித்து, ஓடிவந்து, அம்மா காதில் சொல்வாள், அம்மா கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவாள், இவளுக்குப் பெருமையாக இருக்கும். அப்பா கொடுக்கிற முத்தத்தில் எது முத்தம்னு இவளுக்கும் குழம்பிப் போகும். வத்தலக்குண்டுக்குப் போனாலும் போகாவிட்டாலும், அந்த வேலை ஆரம்பித்தால் ஆரம்பித்ததுதான்.

நான் அவள் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்காருகிறேன். அவள் மூஞ்சியைப் பின்னால் இழுக்கிறாள். "ஐயே, உன் மேல நாறுது. குளிக்கலையா?"

"குளிச்சேன்."

"பொய். ஆட்டு நாத்தம்." சிரிக்கிறாள். இத்தனை மாசமாக ஊரெல்லாம் யாரிடமாவது கேட்கணும்னு செத்துக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில், ஏழு வயசு வாயிலிருந்து வருகிறது. ரெண்டு விரலால் அவள் மூக்கைப் பிடிக்கிறேன். விளையாட்டுன்னு நினைத்து அவளும் கன்னத்தை உப்பிக்கொள்கிறாள். கொஞ்சம் அழுத்திப் பிடிக்கிறேன். சின்ன மூக்கு, வியர்வையில் வழுக்குகிறது, எலும்பு இன்னும் மெத்தென்று இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால், எவ்வளவு அழுத்தினால், எனக்கு மட்டும் ஒரு நிலைக்கால் போதுமாக இருந்தது. அவள் கண்ணில் தண்ணி முட்டுகிறது. "விடுண்ணே, வலிக்குது" என்று மூக்கில்லாத குரலில் சொல்கிறாள். அது என் குரல் மாதிரி இருக்கிறது. கையை எடுத்துவிடுகிறேன். மூக்கு நுனியில் என் விரல் ரெண்டும் சிவப்பாகப் பதிந்திருக்கிறது. அவள் உடனே மூச்சை இழுக்கிறாள், ஆழமாக, எல்லாவற்றையும், கருகுகிற கறியை, என்னை, தெருவை.

"பரணி!" உள்ளேயிருந்து அம்மா. "கூட்டிட்டு வாடா பாப்பாவ."

"அண்ணே, அம்மா கூப்புடுது." மூக்கைத் தேய்த்துக்கொண்டே கேட்கிறாள். "எதுக்கு?"

வாசலில் அப்பா தெரிகிறார். அந்த நிலைக்காலில் சாய்ந்து, தாடையை அசைத்து மென்றுகொண்டு, மகளைப் பார்த்து ரெண்டு கையையும் நீட்டிக் காத்திருக்கிறார். நான் கீழே கிடந்த ஓட்டுச் சில்லை எடுத்து பாப்பா கையில் வைக்கிறேன். அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் தெருவிலேயே சம்மணம் போட்டு உட்காருகிறேன். "உன் ஆட்டம்தான். போடு" என்கிறேன். கறியைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள்னு நினைத்திருப்பாள், சில்லை முதல் கட்டத்தில் போட்டுவிட்டு ஒற்றைக் காலைத் தூக்குகிறாள். கூட்டிட்டு வான்னு அம்மா மறுபடியும் கத்துகிறாள். நான் கூட்டிக்கொண்டு போகவில்லை.